ஆடி மழைக்கு மல்லாட்டை, ஐப்பசி மழைக்குத் துவரை: கடலூர், புதுச்சேரி மானாவாரி நிலங்களுக்கான எண்ணெய்வித்து ஊடுபயிர் வழிகாட்டி

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு, திருக்கனூர் பக்கமும் மானாவாரிக்காரருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடியில் வெப்பச்சலன மழையோடு தென்மேற்குப் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம். ஆனியில் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, மட்டும் போட்டால் அது 105 முதல் 110 நாளில் முடிந்துவிடும். பெரிய மழை வரும்போது வயல் வெறுமையாகக் கிடக்கும். வருடத்தின் பாதிக்கு மேற்பட்ட மழை, குடிக்க ஆளில்லாமல் ஓடைக்குப் போகும்.

ஊடுபயிரை நான் பார்ப்பது இந்த இடத்திலிருந்துதான். "கூட ஒரு பயிர், கூடக் கொஞ்சம் வருமானம்" என்று தொடங்கினால் தப்பான ஜோடியைப் பிடித்துவிடுவோம். முதல் பயிர் முதல் மழையைக் குடித்துவிட்டு விலக வேண்டும். அதுவரை மெதுவாக வளர்ந்து காத்திருந்த இரண்டாம் பயிர் அடுத்த மழையைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பொருந்தினால்தான் அது ஜோடி. கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கணக்கில் நிற்கிறது.

முதலில் நாட்காட்டி

விதை வாங்கும் முன் காலண்டரை எடுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. குறுகிய காலப் பயிர் அதற்குள் வயலைவிட்டு வெளியேற வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஜூன் 25இல் விதைத்த மல்லாட்டை அக்டோபர் 10 வாக்கில் பிடுங்கத் தயாராகும். ஜூலை 5இல் விதைத்தால் அக்டோபர் 20. ஜூலை 20இல் விதைத்தால் நவம்பர் முதல் வாரம், அதாவது அடைமழையின் நடுவில். நம் பக்கத்துக் கொத்து ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய காய் ஈர மண்ணில் நாலு நாள் கிடந்தால் உள்ளேயே முளைவிடும். தப்பித்த காயைக் காயவைக்க வெயில் இருக்காது, பூஞ்சணம் பிடிக்கும். அதனால் செம்மண் மானாவாரியில் ஆனி மழையை விடாதீர்கள். ஆனி முடிந்தும் விதைப்புக்கு மழை இல்லையென்றால் மல்லாட்டையைக் கைவிட்டு எள்ளுக்கு மாறுங்கள். எள் 80 முதல் 85 நாள்தான். ஜூலை கடைசியில் விதைத்தாலும் பருவமழை பிடிக்கும் முன் அறுத்துவிடலாம். எள்ளுக்கு ஈரம் வேண்டும், தேங்கும் தண்ணீர் ஆகாது. ஒரு நாள் நின்றாலே செடி வாடிவிடும்.

மேற்கே வேப்பூர், திட்டக்குடி, மங்களூர் பக்கத்துக் கரிசலில் ஆவணி மழை வரை பொறுக்கலாம். ஆவணிக்கு உகந்த ஜோடியை அடுத்துச் சொல்கிறேன்.

மண்ணைப் பார்த்து ஜோடி

கேப்பர் மலையிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் வரை நீளும் செம்மண் மேட்டு நிலத்துக்கு என் முதல் தேர்வு மல்லாட்டையும் துவரையும். துவரை முதல் இரண்டு மாதம் மெதுவாகத்தான் எழும். அதற்குள் மல்லாட்டை படர்ந்து பூத்துக் காய் இறக்கிவிடும். வேரிலும் மோதல் குறைவு. மல்லாட்டை மேல் மண்ணில் வாங்குகிறது, துவரையின் ஆணிவேர் கீழே போகிறது.

இதில் பலரும் சறுக்குவது துவரை ரகத்தில். வம்பன் 3 போன்ற 100 நாள் துவரை நல்ல ரகம்தான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. அது மல்லாட்டையோடு போட்டி போட்டு வளர்ந்து, மல்லாட்டையோடு முடிந்துவிடும். ஐப்பசி மழைக்கு வயலில் ஆள் இருக்காது. கோ 6, கோ 8, எல்.ஆர்.ஜி. 41 போல 170, 180 நாள் போகும் நீண்ட கால ரகமாகக் கேட்டு வாங்குங்கள். மல்லாட்டைக்கு விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. ரகங்கள் நம் மண்ணிலேயே தேறியவை. அதில் 110 நாளுக்குள் முடியும் கொத்து ரகமாக இருக்கட்டும்.

இரண்டாவது ஜோடி மல்லாட்டையும் ஆமணக்கும். ஆமணக்கு வறட்சி தாங்கும், 90 நாளுக்கு மேல் குலை குலையாக மூன்று நான்கு முறை அறுக்கலாம், பூச்சிக்குப் பொறியாகவும் நிற்கும். ஆனால் கார்த்திகையில் நாள்கணக்கில் தூறலும் மூட்டமுமாக இருந்தால் குலையில் சாம்பல் பூசணம் ஏறி அழுகிவிடும். அதனால் கடலோரத்தை ஒட்டிய கடலூர், குறிஞ்சிப்பாடி, புதுச்சேரிக்குத் துவரை. மழை சற்றுக் குறையும் மேற்குப் பக்கத்துக்கு ஆமணக்கு. நான் இப்படித்தான் பிரிப்பேன்.

எள் போடுபவர்கள் ஆறு வரி எள்ளுக்கு ஒரு வரி துவரை வையுங்கள். எள்ளில் பூவெல்லாம் பச்சை இலைக்கொத்தாக மாறும் பூவிலை நோய் தத்துப்பூச்சி வழியாகப் பரவுகிறது. இடையில் துவரை வரி இருந்தால் அது குறைகிறது என்பதால் வேளாண் பல்கலைக்கழகமே இந்த 6:1 முறையைப் பரிந்துரைக்கிறது.

கரிசலுக்கு ஆமணக்கும் உளுந்தும். ஆவணித் தொடக்கத்தில் விதைத்தால் உளுந்து 70 நாளில், அதாவது ஐப்பசி அடைமழை வலுக்கும் முன் வந்துவிடும். ஆமணக்கு விரிந்து நிழல் கட்டும் நேரத்தில் உளுந்து வயலில் இருக்காது.

நான் சேர்க்காத ஜோடிகள்

மல்லாட்டைக்கு நடுவே சூரியகாந்தி வேண்டாம். இரண்டும் ஒரே காலத்தில் தண்ணீர் கேட்கும். அதைவிட முக்கியம், மல்லாட்டையின் தண்டு கருகலும் சூரியகாந்தியின் கருகல் நோயும் ஒரே வைரஸ். இலைப்பேன் அதைப் பரப்பும், பார்த்தீனியம் அதை வைத்திருக்கும். ஒன்றில் வந்தால் மற்றதையும் பிடிக்கும்.

மல்லாட்டைக்குள் உளுந்து போடுபவர்கள் உண்டு, பரிந்துரையிலும் இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டும் ஒரே உயரம், ஒரே ஆழத்து வேர். உளுந்து போனபின் அந்த வரி வெறுமையாகத்தான் கிடக்கும். ஐப்பசி மழைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சால் கணக்கும் விதைக் கணக்கும்

வரிக்கு வரி 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்ற மல்லாட்டை இடைவெளியை மாற்றவே வேண்டாம். ஆறு சால் மல்லாட்டை, ஏழாவது சாலில் துவரை. ஆக 2.1 மீட்டருக்கு ஒரு துவரை வரி வரும். ஒரு ஏக்கரில் துவரை வரியின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,900 மீட்டர். வரிக்குள் 30 செ.மீ.க்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை என்றால் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ துவரை போதும். மல்லாட்டையில் ஏழில் ஒரு பங்கு வரியை விட்டுக்கொடுக்கிறோம் என்பதால் ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு போடும் இடத்தில் 43 கிலோ. காணிக் கணக்கில் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் 1.32ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஏழாவது வரியில் துவரைக்குப் பதில் ஆமணக்கு என்றால் 60 செ.மீ.க்கு ஒரு குழி, ஏக்கருக்கு 2 கிலோ விதை. எள்ளும் துவரையும் என்றால் எள் ஏக்கருக்கு ஒன்றே முக்கால் கிலோ. அதை நாலு மடங்கு மணலோடு கலந்துதான் தூவ வேண்டும்.

கரிசலில் ஆமணக்கு வரிக்கு வரி 120 செ.மீ., நடுவில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரி உளுந்து. இரண்டு பக்கமும் ஆமணக்கிலிருந்து 45 செ.மீ. தள்ளி உளுந்து இருக்கும். ஏக்கருக்கு ஆமணக்கும் உளுந்தும் தலா 3 கிலோ.

ஏன் ஆறுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று வைத்தால் துவரை கூடுதலாக வருமே என்று கேட்பார்கள். வரும். ஆனால் புரட்டாசியில் துவரை கிளை விரிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரு வரி மல்லாட்டையின் மேல் நிழல் விழும். ஆறு வரியில் நடுவிலுள்ள நாலு வரி வெயிலில் இருக்கும். மூன்று வரியில் வெயில் முழுசாகக் கிடைப்பது ஒரு வரிக்குத்தான். வரிகளைக் கிழக்கு மேற்காகப் போட முடிந்தால் நிழல் இன்னும் குறையும். ஆனால் நிலம் சரிவாக இருந்தால் வெயிலைப் பார்க்காதீர்கள், சரிவுக்குக் குறுக்கேதான் சால் போக வேண்டும். செம்மண் மேட்டில் மேல் மண் அரித்துப் போனால் மறுபடி வராது.

விதைப்பு

கோடை மழையில் ஒரு உழவு ஓட்டி வையுங்கள். கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து காயும், காக்கையும் மைனாவும் பொறுக்கும். கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் தொழு உரம். மானாவாரி மல்லாட்டைக்கு அடியுரம் ஏக்கருக்கு 4:4:18 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து. கடைக் கணக்கில் யூரியா 9 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 25 கிலோ, பொட்டாஷ் 30 கிலோ. மண் பரிசோதனைச் சீட்டு இருந்தால் அதன்படி மாற்றுங்கள்.

விதை நேர்த்தியைப் பயிர் பயிராகத் தனியாகச் செய்யுங்கள். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி) எல்லாவற்றுக்கும் பொது. மறுநாள், ஆறின கஞ்சியில் ரைசோபியம் (தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர் உரம்) கலந்து விதையில் புரட்டி நிழலில் அரை மணி உலர்த்தி விதைக்க வேண்டும். மல்லாட்டைக்கு உள்ள ரைசோபியம் வேறு, துவரை, உளுந்துக்கு உள்ளது வேறு. பொட்டலத்தில் பயிர் பெயர் பார்த்து வாங்குங்கள். எள்ளுக்கும் ஆமணக்குக்கும் அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம்.

மழை பெய்தவுடன் ஓடாதீர்கள். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் தொடர்ந்து இறங்கியிருக்க வேண்டும். மேலே ஈரம், நடுவில் புழுதி, கீழே பழைய ஈரம் என்றிருந்தால் அது விதைப்பு மழை இல்லை. பதம் சரியாக இருந்தால் கையில் பிடித்த மண் உருண்டு நிற்கும், தட்டினால் உதிரும்.

ஏருக்குப் பின்னால் சாலில் பருப்பு போடுகிறவர்கள், துவரைக்குத் தனியாக ஒரு ஆளை வையுங்கள். இரண்டு விதையும் ஒரே கையில் இருந்தால் ஏழாவது சால் தவறிவிடும். டிராக்டர் விதைப்பான் என்றால் ஏழாவது கொழுவுக்கு வரும் குழாயை மட்டும் அடைத்துவிட்டு, அந்தச் சாலில் கையால் துவரை ஊன்றலாம். மல்லாட்டை 4, 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். எள் 3 செ.மீ.க்குள் இருக்கட்டும். இரண்டு பயிரையும் ஒரே நாளில் விதையுங்கள். "மல்லாட்டை முளைக்கட்டும், அப்புறம் துவரை ஊன்றலாம்" என்று தள்ளினால் மானாவாரியில் அடுத்த ஈரம் எப்போது என்பது நம் கையில் இல்லை.

முளைத்த 15ஆம் நாள் துவரையில் குழிக்கு ஒரு செடி விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். எள்ளில் செடி கலைப்பது இன்னும் முக்கியம்: 15ஆம் நாள் ஒரு முறை, 30ஆம் நாள் ஒரு முறை, கடைசியில் செடிக்குச் செடி ஒரு அடி. பிடுங்க மனம் வராமல் நெருக்கமாக விட்ட எள் ஒற்றைக் குச்சியாகப் போய் உச்சியில் நாலு காய்தான் வைக்கும்.

களையும் மண் அணைப்பும்

கைக்களை என்றால் ஊடுபயிர் ஒரு தடையே இல்லை. 20ஆம் நாள் ஒன்று, 40ஆம் நாள் ஒன்று. களைக்கொல்லி அடிப்பவர்கள்தான் இந்தப் பகுதியை நன்றாகப் படிக்க வேண்டும். மல்லாட்டையில் அடிக்கும் இமாசிதாபைர் துவரையையும் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் பக்கத்து வரியில் ஆமணக்கோ எள்ளோ கம்போ இருந்தால் அதைத் தீர்த்துவிடும். புல்லுக்கு அடிக்கும் குயிசாலோபாப் எத்தில் அகன்ற இலைப் பயிர்களை விட்டுவிடும், கம்பைக் கொல்லும். கடைக்காரரிடம் "மல்லாட்டைக்கு மருந்து" என்று மட்டும் கேட்டால் அவர் மல்லாட்டைக்குத்தான் தருவார். வயலில் உள்ள இரண்டு பயிரின் பெயரையும் சொல்லுங்கள்.

40, 45ஆம் நாள் இரண்டாம் களையோடு ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ. மல்லாட்டை வரியின் அடியில் மட்டும் போட்டு மண் அணையுங்கள், துவரை வரிக்கு வேண்டாம். மண்ணில் ஈரம் இருக்கும் நாளாகப் பாருங்கள். வறட்சியாக இருந்தால் மழைக்குக் காத்திருக்கலாம். நம் செம்மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைவு. விழுது இறங்கிக் காயாகும்போது அந்தச் சத்தைக் காய் நேரடியாக மண்ணிலிருந்துதான் எடுக்கிறது. இதை விட்டால் பொக்குக் காய். விழுது இறங்கிய பிறகு மல்லாட்டை வரிக்குள் களைக்கொத்து போகவே கூடாது. துவரை வரியில் களை இருந்தால் அரிவாளால் அறுத்துவிடுங்கள்.

மல்லாட்டை பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் ஏக்கருக்கு 2 கிலோ நிலக்கடலை ரிச் (வேளாண் பல்கலைக்கழகத்தின் சத்துக் கலவை) 200 லிட்டர் தண்ணீரில் தெளிக்கலாம். வானம் பொய்த்த வருடத்தில் இது கைகொடுக்கும்.

பூச்சி: ஆமணக்கு இலையைத் திருப்பிப் பாருங்கள்

நம் மாவட்டத்து மல்லாட்டைக்குப் பழைய எதிரி சிவப்புக் கம்பளிப்புழு. நல்ல மழை பெய்த ஓரிரு நாளில் அந்துப்பூச்சிகள் மண்ணிலிருந்து கிளம்பும். அன்று மாலை ஏழு மணி முதல் பதினொரு மணி வரை வரப்பில் விளக்குப் பொறி வையுங்கள், அல்லது சொக்கப்பனை போல் தீ மூட்டுங்கள். ஊரே சேர்ந்து செய்தால்தான் பலன். ஓரத்தில் ஆமணக்கும் காராமணியும் இருந்தால் பூச்சி முதலில் அதில் முட்டையிடும். குஞ்சுப்புழுக்கள் ஒரே இலையில் கூட்டமாக இருந்து சுரண்டித் தின்னும். இலை சல்லடையாகத் தெரியும்போதே அந்த இலையைக் கிள்ளி அழித்துவிட்டால் முடிந்தது. முடி வளர்ந்து வயல் விட்டு வயல் ஊர்ந்த பிறகு எந்த மருந்தும் சுலபமில்லை. அப்போது வயலைச் சுற்றி ஒரு அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டித்தான் தடுக்க வேண்டும்.

புரொடீனியா என்ற இலை தின்னும் புழுவின் தாய்ப்பூச்சியும் ஆமணக்கைத்தான் தேடிப் போகும். இலையின் அடியில் பழுப்பு முடி போர்த்திய ஒரு சின்ன மேடு, நகத்தளவுதான் இருக்கும். பார்த்தால் தூசி ஒட்டியது போல் தெரியும். அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். வாரம் இரண்டு முறை ஆமணக்கு வரியோடு நடந்து இலையைத் திருப்பிப் பார்க்கிறவருக்கு மருந்துச் செலவு பெரிதாக வராது. பார்க்காமல் விட்டால் அதே ஆமணக்கு புழுவை வளர்த்து மல்லாட்டைக்கு அனுப்பிவைக்கும். பார்க்க நேரமில்லாதவர்கள் ஆமணக்கு வைக்காமல் இருப்பதே நல்லது.

வயலைச் சுற்றி நாலு வரி கம்பு போட்டால் காற்றில் வரும் இலைப்பேனைத் தடுக்கும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள்.

மல்லாட்டை பிடுங்கும் நாள்

அங்கங்கே நாலு செடி பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்புறம் கருத்த காய் நாலில் மூன்று இருந்தால் நாள் வந்துவிட்டது. டிராக்டர் பிடுங்கியை விட்டால் துவரை வேர் அறும். இந்த வயலில் கையால் பிடுங்குவதுதான் முறை. பிடுங்கிய கொடியைத் துவரை வரியின் மேல் சாய்க்காதீர்கள். காயைப் பறித்த உடன் மெல்லிய படுகையாகப் பரப்பி, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவையுங்கள். மழை மிரட்டுகிறது என்று ஈரக் காயைக் குவித்து தார்ப்பாய் மூடினால் உள்ளே சூடேறி பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு செக்கில் ஆட்டினாலும் போகாது.

ஆமணக்கு போட்டவர்களுக்கு ஒரு கண்டிப்பு: களம் வேறு, சாக்கு வேறு, முறம்கூட வேறு. ஆமணக்கு விதை கொடிய நஞ்சு. சாப்பிடும் மல்லாட்டையிலோ மாட்டுக்கு வைக்கும் கொடியிலோ ஒரு கொட்டைகூடக் கலக்கக் கூடாது. ஆமணக்குப் பிண்ணாக்கு வயலுக்கு மட்டுமே.

மழைக்காலத்துத் துவரை

மல்லாட்டை போனதும் துவரைக்கு இரண்டு பக்கமும் ஆறடிக்கு மேல் இடம் திறக்கும். பிடுங்கியதில் மண்ணும் பொலபொலவென்று இருக்கும். அந்த மண்ணை இழுத்துத் துவரை அடியில் அணைத்துவிடுங்கள். அப்படி அணைக்கும்போது நடுவில் விழும் பள்ளமே கார்த்திகைத் தண்ணீருக்கு வடிகால். துவரை மழையைக் குடிக்கும், தேங்கிய தண்ணீரில் நிற்காது. தாழ்ந்த மூலையை வெட்டிவிட்டுத் தண்ணீருக்கு வழி செய்யுங்கள்.

முதல் பூ அடைமழையில் கொட்டிவிட்டால் பயப்பட வேண்டாம். நீண்ட காலத் துவரை திரும்பப் பூக்கும். கார்த்திகைக் கடைசியில், மார்கழிப் பனியில் வரும் பூதான் காயாக நிற்கும். அந்தப் பூவின்போது ஏக்கருக்கு 2 கிலோ பயறு ஒண்டர் (பயறு வகைக்கான அதே மாதிரிச் சத்துக் கலவை) தெளியுங்கள். காய்ப்புழுவுக்கு ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறியும், கரிச்சான் உட்கார அங்கங்கே கவட்டைக் குச்சியும் நடுங்கள். தை மாதம் அறுக்கும்போது வேரோடு பிடுங்காமல் அடியோடு வெட்டுங்கள், வேர் மண்ணிலேயே மக்கட்டும்.

இளம் முந்திரித் தோப்பு உள்ளவர்களுக்கு

2011 டிசம்பர் 30இல் தானே புயல் சாய்த்த முந்திரிக்குப் பிறகு நம் பக்கம் ஏராளமான தோப்புகள் புதிதாக நடப்பட்டன. கன்று நட்ட முதல் மூன்று நாலு வருடம் இடைவெளி நிலம் முழுக்க வெயிலில்தான் இருக்கும். அங்கே மல்லாட்டையோ எள்ளோ தாராளமாகப் போடலாம். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டுவிடுங்கள். துவரை, ஆமணக்கு மாதிரி உயரமான பயிரைக் கன்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். இங்கே ஐப்பசி மழையைக் குடிக்க ஏற்கெனவே முந்திரி இருக்கிறது.

லாபமா என்று பார்க்கும் கணக்கு

வயலின் ஒரு ஓரத்தில் 5 சென்ட் தனி மல்லாட்டை, 5 சென்ட் தனித் துவரை போட்டு வையுங்கள். உதாரணத்துக்கு, தனி மல்லாட்டை ஏக்கர் கணக்கில் 800 கிலோ, ஊடுபயிர் வயலில் 680 கிலோ என்றால் 680ஐ 800ஆல் வகுக்க 0.85. தனித் துவரை 300, ஊடுபயிரில் 120 என்றால் 0.40. கூட்டினால் 1.25. அதாவது ஒரு ஏக்கரில் ஒன்றேகால் ஏக்கர் விளைச்சல். கூட்டுத்தொகை ஒன்றுக்குக் கீழே போனால் அந்த ஜோடி உங்கள் மண்ணுக்குப் பொருந்தவில்லை. அடுத்த ஆடிக்கு ரகத்தையோ வரிக் கணக்கையோ மாற்றுங்கள். ரகம், விதை பற்றிய சந்தேகங்களுக்கு விருத்தாசலத்திலும் புதுச்சேரி குரும்பாபேட்டிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் நேரில் கேட்கலாம். வைகாசியிலேயே போய்விடுங்கள், ஆனி மழை விழுந்த பிறகு நல்ல விதை மிஞ்சாது.